53 நாள் காய்ச்சலும் காய்ச்சாத ஆட்டுப்பாலும்

திரிங்காப்: தோட்டத்து வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் முதலில் பனடோல். இரண்டு நாளில் விடவில்லை என்றால் கிளினிக். டிங்கி இல்லை என்று சொல்லிவிட்டால் நிம்மதி. அதன் பிறகும் காய்ச்சல் விட்டு விட்டு வந்தால், ‘வேலை அலுப்பு, பனியில் நின்றது’ என்று நாமே காரணம் சொல்லிக்கொள்கிறோம்.

பினாங்கில் ஓர் ஆட்டுப் பண்ணை உரிமையாளருக்கும் மூன்று வாரம் காய்ச்சல், தலைவலி, அசதி, பசியின்மை, அளவுக்கு மீறிய வியர்வை. டிங்கி இல்லை, மலேரியா இல்லை, எலிக் காய்ச்சலும் இல்லை. இரத்தத்தில் கிருமி வளர்த்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. அவர் தன் ஆடுகளின் பாலைக் காய்ச்சாமல் குடித்தவர், மற்றவர்களுக்கும் விற்றவர். அந்த விவரத்தை வைத்துத்தான் மருத்துவர்கள் புருசெல்லோசிஸ் சோதனைக்கு அனுப்பினார்கள். நோய் உறுதியானது.

ஓராண்டுக்குள் அதே பண்ணையின் பாலைக் குடித்த 79 பேருக்கு நோய் கண்டறியப்பட்டது. அவர்களில் இருவர் பண்ணைத் தொழிலாளர்கள். இரத்த மாதிரிகளைக் கையாண்ட ஆய்வுக்கூட ஊழியர்கள் 4 பேரையும் அது விடவில்லை. 2015இல் மருத்துவ இதழில் வெளியான இந்த அறிக்கையில் என்னை உறுத்திய எண் வேறு. காய்ச்சல் தொடங்கி நோய் இன்னதென்று தெரிய சராசரியாக 53 நாள் ஆகியிருக்கிறது. ஒருவருக்கு 210 நாள். நாள் சம்பளக்காரர் வீட்டில் 53 நாள் என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மருந்தும் 6 வாரம் விடாமல் சாப்பிட வேண்டியது. அப்படியும் 21 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பி வந்தது.

பால் பொங்கும்வரை காய்ச்சுவது நம் அம்மாக்களின் பழக்கம். அந்தச் சூட்டில் இந்தக் கிருமி செத்துவிடும். ஆனால் ஆட்டுப்பால் என்று வரும்போது மட்டும் ‘பச்சையாகக் குடித்தால் ஆஸ்துமாவுக்கு நல்லது, காய்ச்சினால் சத்து போய்விடும்’ என்ற பேச்சு எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

பாலை விட்டாலும் ஆபத்து இருக்கிறது. தீபாவளிக்கு விற்கலாம் என்று நாலைந்து ஆடு வளர்ப்பவர்கள், குட்டி போடும்போது வெறுங்கையால்தான் இழுத்து எடுக்கிறார்கள். நஞ்சுக்கொடியிலும் சிதைந்து விழுந்த குட்டியிலும் கிருமி ஏராளமாக இருக்கும். ஆடு பார்வைக்குக் கொழுகொழுவென்றுதான் நிற்கும். சினை நிறையும் சமயத்தில் குட்டி விழுவதுதான் பல நேரம் முதல் அடையாளம். கையுறை போடுங்கள், நஞ்சுக்கொடியை நாய்க்குப் போடாமல் ஆழமாகப் புதையுங்கள்.

கால்நடை இலாகாவிடம் சொல்லலாமே என்றால், தயக்கத்துக்கும் காரணம் உண்டு. நோய் உறுதியானால் ஆட்டை அழித்துவிடுவார்கள். நாலு ஆடுதான் சேமிப்பு என்று இருப்பவர் வாய் திறப்பாரா? அழிக்கும் ஆட்டுக்கு நியாயமான பணம் உடனே கைக்கு வரும் என்ற நம்பிக்கை வராதவரை, குட்டி விழுந்த செய்தி வேலியைத் தாண்டாது.

இந்தக் குளிர் ஊரில் இரவில் சட்டை நனைய வியர்க்கிறது, முதுகும் மூட்டும் வலிக்கிறது, காய்ச்சல் போய்ப் போய் வருகிறது என்றால் தானா ராத்தா மருத்துவமனைக்குப் போங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் ஆடு வளர்ப்பதையும், பச்சைப் பால் குடித்ததையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.