எஞ்சினை மாற்றுமுன் ஒரு கேள்வி



வீட்டில் ஒரு பொருள் பழுதடைந்துவிட்டால் நாம் முதலில் கேட்பது என்ன? "புதிதாக ஒன்று போட எவ்வளவு முடியும்?" என்பதைத்தான். "இது ஏன் பழுதடைந்தது?" என்று கேட்போர் நம்மில் மிகக் குறைவு. முதலாவது கேள்விக்குக் கடைக்காரர் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார். இரண்டாவது கேள்விக்கு விடை தேடச் சற்றுப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை இல்லாமையால் ஒரே செலவை இரண்டு முறை செய்யும் குடும்பங்கள் பல. இம்மாதம் பழைய கார் ஒன்றின் எஞ்சினை முன்வைத்து இது பற்றிச் சிறிது சிந்திப்போம்.

ஆமை ஓடு போல் முதுகு வளைந்த வோக்ஸ்வேகன் பீட்டில் காரை அறியாதோர் இருக்க மாட்டார்கள். பேர்டினண்ட் போர்ஷே என்ற பொறியியலாளர் 1930களில் ஜேர்மனியில் வடிவமைத்த கார் அது. அமெரிக்காவின் போர்ட் நிறுவனம் தனது மொடல் ரீ காரை ஒன்றரைக் கோடி அளவில் தயாரித்து ஏற்படுத்தியிருந்த சாதனையை 1972 பெப்ரவரியில் பீட்டில் முறியடித்தது. 2003 ஜூலை 30ஆம் திகதி மெக்சிக்கோவின் புவெப்லா நகரத் தொழிற்சாலையிலிருந்து கடைசிக் கார் வெளிவந்தபோது, மொத்த எண்ணிக்கை 2 கோடியே 15 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. நமது நாட்டு வீதிகளிலும் இன்றுவரை அது ஓடிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் அது வாப்பா வாங்கிய காராகவோ பெரியப்பா ஓட்டிய காராகவோ இருக்கும். ஆகவே அதன் எஞ்சின் உடைந்தால் பணக் கணக்கோடு மனக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது.

காற்றால் குளிரும் எஞ்சின்

இந்தக் காரின் முன் மூடியைத் திறந்தால் பெற்றோல் தாங்கியும் பயணப் பொதி வைக்கும் இடமும் இருக்கும். எஞ்சின் பின்னால்தான். அதற்கு ரேடியேட்டர் கிடையாது, தண்ணீரும் ஊற்றுவதில்லை. நான்கு சிலிண்டர்கள் பக்கத்துக்கு இரண்டாக எதிரெதிரே படுத்திருக்கும். ஜெனரேட்டரின் தண்டிலேயே ஒரு காற்றாடி பூட்டப்பட்டிருக்கும். ஒரேயொரு பெல்ட் அதைச் சுழற்றுகிறது. காற்றாடி இழுக்கும் காற்று, தகரக் கவசங்களுக்குள்ளால் சென்று, சிலிண்டர்களைச் சுற்றியுள்ள மெல்லிய செதில்களைத் தழுவி, சூட்டை வாங்கிக்கொண்டு காருக்கு அடியால் வெளியேறுகிறது.

சூட்டைச் சுமக்கும் மற்றொன்று எஞ்சின் ஒயில். அது வெறும் இரண்டரை லீற்றர்தான். அந்த ஒயிலைக் குளிர்விக்கும் சிறிய கூலரும் அதே காற்றின் வழியில்தான் நிற்கிறது. பழைய மாதிரிகளில் மூன்றாம் சிலிண்டருக்குச் செல்லும் காற்றை இந்தக் கூலர் ஓரளவு மறித்தது. அதனால் அந்தச் சிலிண்டர் ஏனையவற்றை விடச் சூடாகும். 1970களின் தொடக்கத்தில் கூலர் சற்றுப் பின்னுக்கு நகர்த்தப்பட்ட பின்னரே இக்குறை தணிந்தது. சுருக்கமாகச் சொன்னால், இந்த எஞ்சினின் உயிர் காற்றிலும் ஒயிலிலும் தங்கியிருக்கிறது. ஏதாவது ஒன்றில் குறை வந்தால் வால்வின் தலை முறிந்து பிஸ்டனைத் துளைக்கலாம்; தண்டைத் தாங்கும் பெயாரிங்குகள் உருகித் தேயலாம்; எஞ்சின் முற்றாக இறுகியும் போகலாம்.

இலகுவான வேலையில் உள்ள ஆபத்து

பீட்டிலின் எஞ்சினைக் கழற்றுவது போல் இலகுவான வேலை வேறு கார்களில் அரிது. கியர் பெட்டியோடு அதை இணைப்பவை நான்கே நான்கு போல்ட்டுகள். பெற்றோல் குழாய், அக்சிலரேட்டர் கேபிள், சில மின் வயர்கள், சூடாக்கிக் குழாய்கள் என்பவற்றைக் கழற்றிவிட்டால், ஏறக்குறைய 110 கிலோ எடையுள்ள எஞ்சினைப் பின்னுக்கு இழுத்துக் கீழே இறக்கிவிடலாம். பழகிய கைகள் இரண்டு சோடி இருந்தால் ஒரு காலைப்பொழுது போதும். ஆனால் வெறும் ஜாக்கியை நம்பி எவரும் காருக்கு அடியில் நுழையலாகாது. பாரத்தைத் தாங்கும் உறுதியான இரும்புத் தாங்கிகள் வைத்த பின்னரே நுழைய வேண்டும்.

இந்த இலகுதான் பலரை ஏமாற்றுகிறது. "பழையதை இறக்கி வேறொன்றை ஏற்றினால் விடயம் முடிந்தது" என்று எண்ணிவிடுகிறார்கள்.

என்னிடம் கற்ற மாணவர் ஒருவரின் தந்தைக்கு இதுதான் நேர்ந்தது. அவருடைய மர்ஹூம் தகப்பனார் விட்டுச் சென்ற பீட்டில் அது. எஞ்சின் இறுகிப்போனதும், மூத்த மகளின் படிப்புக்கென ஒதுக்கியிருந்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, பாவித்த எஞ்சின் ஒன்றை வாங்கிப் பூட்டினார். சில வாரங்கள் கார் நன்றாகவே ஓடியது. ஒரு நாள் குடும்பத்தோடு கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும்போது அதுவும் இறுகியது. பின்னர் வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் வந்து பின் மூடியைத் திறந்தார். எஞ்சினைத் தொடவில்லை. அதைச் சுற்றியிருந்த இடைவெளியை விரலால் காட்டி, "தம்பி, எஞ்சின மாத்தீக்கீங்க. காத்து போற வழிய ஒத்தரும் பாக்கல்லயே" என்றாராம்.

அவர் காட்டியது என்ன தெரியுமா? எஞ்சின் அறையின் ஓரத்தைச் சுற்றி ஒரு இறப்பர் பட்டி இருக்க வேண்டும். கீழே வெளியேறும் சூடான காற்று மீண்டும் மேலே வராமல் தடுப்பது அதன் வேலை. அந்தப் பட்டி உக்கிப் போயிருந்தது. பக்கத் தகரம் ஒன்றும் பூட்டப்படாமல் விடப்பட்டிருந்தது. "அது இல்லாவிட்டாலும் ஓடும்" என்று முன்னர் எவரோ சொல்லியிருக்கிறார். ஓடும்தான், ஆனால் தான் வெளியேற்றிய சூட்டையே மீண்டும் இழுத்துக்கொண்டு ஓடும். போதாக்குறைக்கு, பழைய எஞ்சினின் ஒயில் கூலரைக் கழற்றிப் புதியதிலும் பூட்டியிருந்தார்கள். உடைந்த எஞ்சினின் உலோகத் துகள்கள் கூலருக்குள் தங்கியிருந்து, ஒயிலோடு கலந்து புதிய பெயாரிங்குகளையும் அரித்துவிடும் என்பதை எவரும் யோசிக்கவில்லை.

பார்க்க வேண்டியவை

ஆகவே வேறு எஞ்சினை ஏற்றுமுன் பின்வருவனவற்றை நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஒன்று: தகரங்கள் அனைத்தும் இருக்கின்றனவா? இறப்பர் பட்டியும், பிளக் வயர்கள் நுழையும் துளைகளை மூடும் இறப்பர்களும் நல்ல நிலையில் உள்ளனவா?

இரண்டு: பழைய ஒயிலில் உலோகத் துகள் தென்பட்டதா? அப்படியாயின் பழைய கூலரைப் பாவிக்க வேண்டாம். இந்த எஞ்சினில் ஒயில் பில்டர் கிடையாது. கம்பி வலை ஒன்று மட்டுமே உண்டு. அதனால்தான் சுமார் 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயிலை மாற்றி, அந்த வலையைக் கழுவுவது அவசியமாகிறது.

மூன்று: வால்வு இடைவெளி கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது? பிந்திய எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில், எஞ்சின் ஆறியிருக்கும்போது அது 0.15 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். இடைவெளி குறைந்துகொண்டே போனால் வால்வு முழுமையாக மூடாது. மூடாத வால்வினால் தனது சூட்டை இறக்கிவைக்க முடியாது. ஈற்றில் அது முறிகிறது.

நான்கு: வாங்கப்போகும் எஞ்சினின் பெல்ட் சக்கரத்தைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். தண்டின் ஆட்டம் 0.07 முதல் 0.13 மில்லிமீற்றர் வரையே இருக்க வேண்டும். அதைக் கை உணர்வது அரிது. "டக்" என்று ஆட்டம் தெரிந்தால் அந்த எஞ்சினை விட்டுவிடுவதே மேல்.

ஐந்து: உங்கள் கார் 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா? 1967ஆம் ஆண்டையொட்டி இது மாறியது. 6 வோல்ட் எஞ்சினின் பிளைவீலில் 109 பற்கள். 12 வோல்ட் எஞ்சினில் 130. பெரிய பிளைவீல் பழைய கியர் பெட்டியின் கூட்டுக்குள் அப்படியே நுழையாது. இதை அறியாமல் வாங்கிவிட்டுப் பின்னர் கூட்டைத் தேய்ப்பதும், ஸ்டார்ட்டரை மாற்றுவதுமாகச் செலவு கூடிக்கொண்டே போகும்.

ஆறு: பெற்றோல் தாங்கி முன்னால், எஞ்சின் பின்னால். இரும்புக் குழாய் முடியும் இடத்திலிருந்து எஞ்சின் வரை வருவது ஒரு துண்டு இறப்பர் குழாய். அது வெடித்துக் கசிந்தால் பெற்றோல் சூடான எஞ்சின் மீது சொட்டும். எஞ்சினின் உடல் மக்னீசியம் கலந்த உலோகம். அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்ற ஊற்ற மேலும் சீறும். எஞ்சின் கீழே இருக்கும்போதே அக்குழாயைப் புதிதாக மாற்றிவிடுங்கள். முழுச் செலவில் மிகச் சிறிய செலவு அது. ஆனால் பின் ஆசனத்தில் இருக்கும் பிள்ளைகளின் பாதுகாப்பு அதில் இருக்கிறது.

இலக்கமும் நாணயமும்

இன்னுமொரு விடயம். எஞ்சினுக்கு ஓர் இலக்கம் உண்டு. பீட்டிலில் அது ஜெனரேட்டர் தாங்கியின் கீழ் பொறிக்கப்பட்டிருக்கும். வாகனப் பதிவிலும் அந்த இலக்கம் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். "யார் பார்க்கப்போகிறார்கள்?" என்று விட்டுவிட்டால், காரை விற்கும் நாளில் அல்லது விபத்தொன்றின் பின்னர் அது பெரும் சிக்கலாகும். பாவித்த எஞ்சினை வாங்கும்போதும் விற்றவரின் ரசீதையும் உரிய ஆவணங்களையும் கேட்டு வாங்குங்கள். களவுப் பொருள் நம் கைக்கு வராதிருக்க அது ஒரு காவல்.

விற்பவருக்கும் இதில் பொறுப்பு உண்டு. குறையை மறைத்து விற்பதை மார்க்கம் தடுத்திருக்கிறது. எஞ்சின் மாற்றப்பட்டது, இன்ன காரணத்துக்காக மாற்றப்பட்டது என்று சொல்லி விற்கும்போது விலை சற்றுக் குறையலாம். வாங்கியவர் தன் குடும்பத்தை ஏற்றிச் செல்லப்போகும் வாகனம் அது என்பதை நினைத்தால் அந்தக் குறைவு பெரிதாகத் தோன்றாது. கராஜில் வேலை செய்யும் சகோதரர்களுக்கும் இதையே சொல்கிறேன். கழற்றிய தகரத்தைத் திரும்பப் பூட்டுவதும் அமானிதம்தான். வாகனச் சொந்தக்காரருக்கு அது தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

எஞ்சின் ஏறிய பின்னர் முதல் 500 கிலோமீற்றர் வரை நிதானமாக ஓட்டுங்கள். அதன்பின் ஒயிலை மாற்றி, வலையைப் பார்த்து, வால்வு இடைவெளியையும் சரிபாருங்கள். இன்னொன்றைக் காரை ஓட்டும் வீட்டார் அனைவருக்கும் சொல்லிக் கொடுங்கள்; மனைவி ஓட்டினாலும் சரி, மகன் ஓட்டினாலும் சரி. ஓடிக்கொண்டிருக்கும்போது சிவப்பு நிற ஜெனரேட்டர் விளக்கு எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கக்கூடும். பெல்ட் அறுந்தால் காற்றாடியும் நின்றுவிடும். "வீடு பக்கம்தானே, போய்விடலாம்" என்று எண்ணாமல் உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். மேலதிகப் பெல்ட் ஒன்றும் அதை மாற்றும் ஸ்பெனரும் எப்போதும் காரில் இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் எஞ்சின் உடைந்த பழைய கார் ஒன்று நின்றால், பணத்தை எண்ணுமுன் மெக்கானிக்கை அழைத்து, "இது எதனால் உடைந்தது என்று காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்டுபவரிடம் வேலையைக் கொடுங்கள். "அதெல்லாம் எதற்கு, வேறொன்று போட்டுவிடுவோம்" என்பவரிடம் ஒரு கோப்பைத் தேநீரைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.