நாய்ப் பயிற்சி வகுப்பும் அம்மாவின் மணிக்கட்டும்

சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலையில் என் தாயாரின் வலது மணிக்கட்டு முறிந்தது. அவருக்கு வயது 73, எடை 48 கிலோ. அவர் பிடித்திருந்த சங்கிலியின் மறுமுனையில் இருந்த எங்கள் லாப்ரடார் நாயின் எடை 31 கிலோ. எதிர்வீட்டு மதிலில் ஒரு பூனை தென்பட்டது, அவ்வளவுதான். எலும்புப்புரை உள்ளவர் கையை ஊன்றி விழுந்தால் முதலில் முறிவது மணிக்கட்டு என்பது மருத்துவ மாணவருக்கும் தெரிந்த செய்தி. அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு மூதாட்டியிடம், குளியலறைத் தரை வழுக்கக்கூடாது, இரவில் விளக்கு எரியவேண்டும் என்றெல்லாம் நீளமாக அறிவுரை கூறியிருந்தேன். வீட்டில் நாய் உண்டா என்று கேட்கவில்லை. என் வீட்டைப் பற்றியும் எண்ணிப் பார்க்கவில்லை.

பார்க்க வந்த உறவினர் அனைவரும் ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள்: நாயை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். மாவுக்கட்டுப் போட்ட கையோடு அமர்ந்திருந்த அம்மா ஒன்றுதான் கேட்டார்: "அதுக்கு யார் என்ன சொல்லிக் கொடுத்தீங்க?"

அந்தக் கேள்விக்கு நான் முதலில் பணத்தால் பதில் சொல்ல முயன்றேன். நாயை ஒரு மாதம் தங்கவைத்துப் பயிற்றுவிக்கும் இடம் ஒன்றில் 24,000 ரூபாய் கட்டி விட்டுவிட்டு வந்தேன். எவ்வாறு பயிற்றுவிப்பார்கள் என்று கேட்கவில்லை. அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்திடும் முன் எல்லாவற்றையும் கேளுங்கள் என்று உங்களிடம் சொல்பவன் நான். திரும்பி வந்த நாய் அந்தப் பயிற்றுநர் முன்னிலையில் சிலைபோல் அமர்ந்தது. எங்கள் தெருவில் பழையபடியே இழுத்தது. புதிதாக ஒன்றையும் கற்றிருந்தது. செய்தித்தாளை எடுக்க யாராவது கையை உயர்த்தினால் உடலைச் சுருக்கிக்கொண்டது. அந்த 24,000 ரூபாயை நான் இழந்த பணமாகக் கருதவில்லை. கெடுதலுக்குக் கொடுத்த விலையாகவே கருதுகிறேன்.

அடுத்ததாகச் சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமைக் காலை வகுப்பு. எட்டு வாரம், 6,000 ரூபாய். வீட்டார் உடன் வரவேண்டும் என்பது கட்டாயம். திடலில் ஆறு நாய்களும் பதினோரு மனிதர்களும் நின்றோம். என் வயதில் பாதியே இருக்கக்கூடிய ஒரு பெண் எங்களுக்கு ஆசிரியை. நாய் இழுப்பது குறும்பினால் அன்று, இழுத்தால் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரமுடிகிறது என்று நாமே கற்றுக்கொடுத்ததனால் என்றார். ஆகவே சங்கிலி விறைத்தால் நாம் நின்றுவிட வேண்டும். தளர்ந்தால் நடக்க வேண்டும். சரியாகச் செய்த அந்த நொடியிலேயே பட்டாணி அளவு வேகவைத்த கோழித்துண்டு. தாமதித்துக் கொடுத்தால், எதற்காகக் கிடைத்தது என்று நாய்க்குப் புரியாது. முதல் நாள் நூறு அடி நடக்க இருபது நிமிடம் பிடித்தது. என் நடையில்தான் பிழை அதிகம்.

இரண்டாம் வாரம் அவர் எங்கள் வீட்டு மொழியை ஆராய்ந்தார். நான் 'சிட்' என்கிறேன், என் மனைவி 'உட்கார்' என்கிறார், மகன் 'டவுன்' என்கிறான், அம்மா 'உக்காரு கண்ணு' என்கிறார். நாய் யாருடைய கட்டளையைக் கேட்கும்? வீட்டில் அதிக நேரம் இருப்பவர் அம்மா என்பதால் அவருடைய சொல்லே நிலைத்தது. நாங்கள் அனைவரும் இப்போது 'உக்காரு கண்ணு' என்றுதான் சொல்கிறோம். மேசையடியில் நாய் கெஞ்சி நிற்பதற்குக் காரணம், எப்போதாவது ஒரு நாள் தோசைத்துண்டு போடும் என் கைதான் என்பதும் அன்று வெளிப்பட்டது. சில சமயம் கிடைத்து, சில சமயம் கிடைக்காமல் போகும் பரிசே ஒரு பழக்கத்தை மிக உறுதியாக்கும் என்பதை ஸ்கின்னரின் ஆய்வுகள் வழியே மருத்துவக் கல்லூரியில் படித்து மதிப்பெண்ணும் வாங்கியவன் நான்.

தண்டித்துப் பழக்குவதே சிறந்தது என்று நம்புவோர் இன்றும் உண்டு. விலங்கு நடத்தையியலுக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2021-இல் எல்லா நாய்களுக்கும் பரிசளித்துப் பழக்கும் முறையையே பரிந்துரைத்தது. அஞ்சிய நாய் கடிக்கக்கூடும். நோயாளி உள்ள வீட்டில் இது சிறு செய்தி அன்று. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை உண்பவருக்கு ஒரு கீறலே நெடுநேரம் கசியும். மண்ணீரல் அகற்றப்பட்டவருக்கும், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவருக்கும் சிறு கடியினால் கடுமையான தொற்று ஏற்படலாம். இவர்கள் வீட்டில் நாயே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பழக்கப்படாத நாய் கூடாது என்பேன்.

மருந்துச் சீட்டுக்கே பணம் புரட்டும் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் எளிதன்று என்பதை அறிவேன். காலையும் மாலையும் பத்து நிமிடம், வீட்டில் எல்லோருக்கும் ஒரே சொல், கொஞ்சம் பொறுமை: இவ்வளவு இருந்தால் இழுக்காமல் நடக்கக் கட்டணமின்றியே பழக்கலாம். ஆனால் உறுமும் நாயை, ஏற்கெனவே கடித்த நாயை நீங்களாகப் பழக்க முயலாதீர்கள். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதுவலியோ மூட்டுவலியோகூட நாயைச் சீறவைக்கும். ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவதையும் எந்தப் பயிற்சிக்காகவும் தள்ளிப்போடாதீர்கள். வளர்ப்பு நாய்தானே என்று எண்ணாமல், கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். அரசு மருத்துவமனைகளில் அந்தத் தடுப்பூசி இலவசம்.

அம்மாவின் கட்டு ஆறு வாரத்தில் பிரிக்கப்பட்டது. விரல்கள் முழுதாக மடங்க இயன்முறைப் பயிற்சி இன்னும் நடக்கிறது. நாய் இப்போது ஒழுங்காக நடக்கிறது; ஆயினும் சங்கிலியை நானே பிடிக்கிறேன், மணிக்கட்டில் சுற்றாமல். அம்மா பக்கத்தில் நடந்து வருகிறார். இது அவருக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வாக்குவாதம் தொடர்கிறது.

விழுந்து அடிபட்டு வருபவர்களிடம் நான் கேட்கும் கேள்விகளில் இப்போது ஒன்று கூடியிருக்கிறது: வீட்டில் நாய் உண்டா, சங்கிலியை யார் பிடிக்கிறார்கள்? அடுத்த முறை வரும்போது பதிலோடு வாருங்கள்.