பகைவனின் கழுதையும் நம் தெருவின் நாயும்

தியானத்திற்கு: யாத்திராகமம் 23:4,5



பிழைப்பைத் தேடிப் பெங்களூரு மாநகரில் வந்து குடியேறிய நம் குடும்பங்களில் ஒரு வாக்குவாதம் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. அது உபதேசத்தைக் குறித்ததன்று, தெருநாயைக் குறித்தது. மகள் மீந்த சோற்றை வாசலில் வைத்து நாயை அழைக்கிறாள். இரவுப் பணி முடித்து இருசக்கர வாகனத்தில் திரும்பும் மகனோ, துரத்திவரும் அந்த நாய்களை எங்கேயாவது பிடித்துக்கொண்டு போனால் போதும் என்கிறான். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் கூட்டத்தில் இதே சண்டை. வாட்ஸ்அப் குழுக்களிலும் இதே சண்டை. ஒரே திருவிருந்துப் பந்தியில் பங்குபெறுகிறவர்கள்கூட இதன்பொருட்டு ஒருவரோடொருவர் பேசாதிருக்கிறார்கள். இதைக் குறித்து வேதத்தில் ஏதாகிலும் உண்டா என்று விசுவாசிகள் கேட்கிறார்கள். உண்டு, பிரியமானவர்களே. நாம் எண்ணுவதைக் காட்டிலும் அதிகமாகவே உண்டு.

நகரத்தில் நடந்தவை

முதலாவது, நடந்தவற்றை நினைவுகூருவோம். 2007ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் இந்நகரத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும், நான்கு வயதுச் சிறுவன் ஒருவனும் தெருநாய்களால் கடித்துக் கொல்லப்பட்டார்கள். நகரமே நடுங்கியது. அதன்பின் நாய்கள் பெருமளவில் பிடிக்கப்பட்டன, கொல்லவும் பட்டன. விலங்கு நல அமைப்பினர் அதை எதிர்த்து எழுந்தார்கள். பிள்ளையை இழந்த தாயின் கண்ணீரும், வாயில்லா ஜீவனுக்காக எழுந்த குரலும் அன்றைக்கு ஒன்றுக்கொன்று எதிரியாக்கப்பட்டன. அந்தப் பிளவு இன்னும் ஆறவில்லை.

சட்டம் இதைப்பற்றி என்ன சொல்லுகிறது? 2001ஆம் ஆண்டு வகுக்கப்பட்டு 2023ஆம் ஆண்டு புதுப்பிக்கப்பட்ட மத்திய அரசின் விதிகள், தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்கின்றன. 2023இல் மாநகராட்சி எடுத்த கணக்கெடுப்பில் பெங்களூருவில் ஏறக்குறைய 2.79 லட்சம் தெருநாய்கள் இருந்தன. 2025 ஜூலையில், சுமார் 5,000 நாய்களுக்குக் கோழி இறைச்சியுடன் சமைத்த உணவு கொடுக்கும் திட்டத்தை மாநகராட்சி அறிவித்தது. குழி விழுந்த சாலைகளை விட்டுவிட்டு நாய்க்குக் கோழிச்சோறா என்றார்கள் ஒருசாரார். பசித்த நாயே மூர்க்கமடையும் என்றார்கள் மறுசாரார். அடுத்த மாதமே இது உச்சநீதிமன்றத்தில் பெரும் விவாதமாயிற்று. டெல்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உள்ள தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்கும்படி ஆகஸ்டு 11 அன்று ஓர் உத்தரவு. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தபின், வெறிபிடித்தவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றை அதே இடத்தில் விடும்படி ஆகஸ்டு 22 அன்று அதற்கொரு திருத்தம். பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து மற்றும் இரயில் நிலையங்கள் போன்ற இடங்களிலிருந்து அவற்றை அகற்றும்படி நவம்பர் 7 அன்று இன்னோர் உத்தரவு. ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டம் மகிழ்ந்தது, மறு கூட்டம் துக்கித்தது.

இந்த இரண்டு கூட்டத்திலும் தேவபிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே நாம் எந்தக் கட்சி என்று கேட்பதற்கு முன், நம் தேவனுடைய இருதயம் எப்படிப்பட்டது என்று கேட்போம்.

நாயைக் கண்டு அருவருக்கலாமா?

வேதத்தில் நாய் என்ற சொல் பெரும்பாலும் இழிவாகவே வருகிறதே, அப்படியிருக்க விசுவாசியின் வீட்டில் நாய் வளர்க்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. பிலிப்பியர் 3:2இல் பவுல் நாய்களைக் குறித்து எச்சரிப்பது மெய்தான். ஆனால் அவர் எச்சரித்தது நான்கு கால் பிராணியைக் குறித்தன்று. சபையைக் கலக்கிய இரண்டு கால் போதகர்களைக் குறித்து. உவமையை எடுத்துக்கொண்டு பிராணியைத் தண்டிப்பது நியாயமன்று.

மத்தேயு 15ஆம் அதிகாரத்தில் கானானியப் பெண் மேஜையின்கீழ் விழும் துணிக்கைகளைத் தின்னும் நாய்களைப் பற்றிப் பேசுகிறாள். அங்கே கிரேக்க மூலத்தில் உள்ள சொல் சிறிய நாயை, வீட்டுக்குள் வளையவரும் நாயைக் குறிக்கும். அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டுதான் அவள் தன் விசுவாசத்தை அறிக்கையிட்டாள். ஆண்டவர் அதை மெச்சினார். லூக்கா 16இல் ஐசுவரியவானின் வாசலில் கிடந்த லாசருவின் புண்களருகே வந்தவை நாய்களே, வீட்டுக்காரன் வரவில்லை. நீதிமான் தன் மிருகத்தின் ஜீவனையும் கருத்தில் கொள்ளுகிறவன் என்று நீதிமொழிகள் 12:10 காட்டுகிறது. ஓய்வுநாள் கட்டளையில் கர்த்தர் மாட்டுக்கும் கழுதைக்கும் ஓய்வு நியமித்தார். நினிவேயின்மேல் தாம் இரங்கியதற்குக் காரணம் சொல்லும்போது, யோனா புத்தகத்தின் கடைசி வசனத்தில், அந்த நகரத்து மிருகஜீவன்களையும் அவர் சேர்த்தே எண்ணினார். நகரத்தைப் பார்க்கும்போது அதிலுள்ள பிராணிகளையும் பார்க்கிற தேவன் நம் தேவன்.

இரக்கம் மாத்திரம் போதுமா?

போதாது. அதே வேதம் முட்டுகிற மாட்டைப் பற்றியும் பேசுகிறது. யாத்திராகமம் 21:28,29ஐ வாசித்துப் பாருங்கள். முன்பு முட்டாத மாடு திடீரென்று ஒருவரை முட்டிக் கொன்றுவிட்டால் உடையவன்மேல் குற்றமில்லை. ஆனால் அது முட்டுகிற மாடு என்று அவனுக்கு முன்னமே அறிவித்திருந்தும், அவன் அதைக் கட்டிவைக்காமல் விட்டிருந்தால், போன உயிருக்கு அவனே உத்தரவாதி. அறிந்தும் காவாதிருந்ததே அவன் குற்றம்.

வீட்டில் நாய் வளர்க்கும் சகோதரனே, உன் நாய் சீறும் என்று அறிந்தும் கழுத்துப்பட்டையும் கயிறும் இல்லாமல் மாடிப்படியில் விடுகிறாயா? தெருநாய்க்கு அன்போடு சோறு வைக்கும் சகோதரியே, பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் வழியிலும், முதியவர்கள் ஏறி இறங்கும் வாசலிலும் வைக்கிறாயா? நோக்கம் நல்லதே. ஆயினும் இடமும் நேரமும் அன்பின் பாகந்தான். தெருநாயோ ஒருவருடைய உடைமையுமன்று. அதற்குப் பொறுப்பாளி நகரமே. கருத்தடையும் தடுப்பூசியும் காலத்தில் செய்யாமல் விட்டால், அறிந்தும் காவாத குற்றம் நகரத்தின்மேல் வரும். அந்த நகரத்தில் நாமும் குடிமக்கள்.

விடியுமுன் பூ மார்க்கெட்டுக்கும், வீட்டு வேலைக்கும், தூய்மைப் பணிக்கும் நடந்து செல்கிறவர்கள் யார்? விளையாட மைதானமில்லாமல் தெருவில் ஆடும் பிள்ளைகள் யாருடையவர்கள்? காருக்குள்ளிருந்து இரங்குகிறவனுக்கும், கால்நடையாய்ப் போகிறவனுக்கும் நாய் ஒன்றுபோலத் தோன்றாது. அந்த ஏழையின் பயத்தைக் கொடுமை என்று இகழாதிருப்போம்.

தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி சொன்ன கதையை நினையுங்கள் (2 சாமுவேல் 12). ஏழை ஒருவன் ஓர் ஆட்டுக்குட்டியை மகளைப்போல் வளர்த்தான். அது அவன் கையிலிருந்து தின்றது, அவன் மடியில் படுத்தது. செல்வன் ஒருவன் அதைப் பிடுங்கி விருந்தாக்கினான். கேட்ட தாவீதுக்குக் கோபம் மூண்டது. ஆட்டுக்குட்டிக்காக எரிந்த அந்த இருதயம், தான் கொல்லுவித்த உரியாவுக்காக எரியவில்லை! பிராணிக்காக அழுதுகொண்டே மனிதனுக்குக் கல்லாயிருக்க முடியும் என்பதற்கு இது சாட்சி. மறுபுறம், லூக்கா 13ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஜெபாலயத் தலைவனைக் கேட்ட கேள்வியையும் நினையுங்கள். ஓய்வுநாளில் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே, பதினெட்டு வருஷம் கூனியாயிருந்த இந்தப் பெண்ணை அவிழ்க்கலாகாதா என்பது அதன் கருத்து. அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதைக் கண்டிக்கவில்லை. அந்த இரக்கத்தைப் படியாக வைத்து மனிதனிடத்தில் ஏறிவரச் சொன்னார்.

பகைவனின் கழுதை

இப்போது நம் தியானப் பகுதிக்கு வருவோம். உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையின்கீழ் விழுந்து கிடந்தால், ஒதுங்கிப் போகாதே, அவனோடு சேர்ந்து அதைத் தூக்கிவிடு என்பது கர்த்தருடைய கட்டளை. எத்தனை ஞானமான பிரமாணம்! கழுதைக்கு நம் பகை தெரியாது. அதைத் தூக்க வேண்டுமானால் இருவரும் இருபுறமும் நின்று ஒரே நேரத்தில் கைகொடுக்க வேண்டும். சுமை இறங்குவதற்குள் பகையும் சற்று இறங்கிவிடும்.

தெருநாய்ப் பிரச்சினை இப்படிப்பட்ட சுமையே. நாய்களில் எழுபது விழுக்காட்டிற்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் வெறிநோய் பரவும் சங்கிலி அறுபடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. அந்த நாய்களைப் பிடிக்க, சோறு வைக்கிறவர்களின் பழக்கம் வேண்டும். எந்தச் சந்தில் எந்த நாய் கடிக்கிறது என்று சொல்ல, பயப்படுகிறவர்களின் சாட்சியும் வேண்டும். இரு கூட்டமும் கூடாமல் இது ஒருநாளும் முடியாது.

இரண்டையும் ஒரே இருதயத்தில் சுமந்தவர்கள் உண்டு. 1807இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை வியாபாரத்தை ஒழிக்கும்படி நெடுங்காலம் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸ், 1824இல் இலண்டனில் மிருகவதைத் தடுப்புச் சங்கம் உருவானபோது அதைத் தொடங்கியவர்களில் ஒருவராயிருந்தார். அதற்கான கூட்டத்தைக் கூட்டியவர் ஆர்தர் புரூம் என்ற ஆங்கிலிக்கன் போதகர். சங்கத்தின் கடனுக்காக அவர் சிறைக்கும் போனார். சங்கிலியில் கிடந்த மனிதனுக்காகவும் சாட்டையடி பட்ட மிருகத்திற்காகவும் ஒரே விசுவாசம் பேசிற்று.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று: கடி பட்டால் தாமதிக்காதீர்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெறிநோயின் அறிகுறி தோன்றியபின் பிழைப்பது மிகமிக அரிது. தோன்றுமுன் தடுப்பூசி காக்கும். மருத்துவர் குறித்த எல்லா நாட்களிலும் தவறாமல் போட்டு முடியுங்கள். ஜெபித்துவிட்டோம், ஊசி எதற்கு என்று சொல்வது விசுவாசமன்று. எசேக்கியா ராஜா பிழைப்பான் என்று கர்த்தருடைய வார்த்தையைச் சொன்ன அதே ஏசாயாதான், அத்திப்பழப் பற்றைப் போடவும் சொன்னார் (2 இராஜாக்கள் 20). போதகர்களே, உங்களிடம் ஜெபிக்க வரும் கடிபட்ட பிள்ளையை, ஜெபித்த கையோடு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

இரண்டு: நம் குப்பையைக் கவனியுங்கள். தெருமுனையில் குவியும் எச்சில் உணவே நாய்க்கூட்டத்தை ஓரிடத்தில் சேர்க்கிறது. கிறிஸ்துமஸ் விருந்தும் திருமண விருந்தும் முடிந்த மறுநாள் காலை, சபைக் கட்டிடத்தின் அருகே பிரியாணித் தட்டுகளும் எலும்புகளும் சிதறிக் கிடக்கலாமா? அயலகத்தார் நம் பாடலைக் கேட்பதற்கு முன்பே நம் குப்பையைப் பார்க்கிறார்கள். அதுவும் ஒரு சாட்சியே.

மூன்று: நகரத்திற்காக உழையுங்கள். பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் எரேமியா, அந்நகரத்தின் சமாதானத்தைத் தேடவும் அதற்காக ஜெபிக்கவும் சொன்னார் (எரேமியா 29:7). இது நம் ஊரல்ல, நமக்கென்ன என்று சொல்ல அவர் இடங்கொடுக்கவில்லை. 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தபின், பல ஆண்டுகள் வார்டு உறுப்பினர் இல்லாமலே இந்நகரம் நடந்தது. 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வாக்குக் கேட்டு வருகிறவரிடம் சாதியையும் மொழியையும் விசாரிப்பதை விட்டு, எங்கள் வார்டில் எத்தனை நாய்களுக்குத் தடுப்பூசி போட்டீர்கள், குப்பை எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கப்படும் என்று விசாரியுங்கள். அரசியல் என்பது மேடைப் பேச்சு மாத்திரமன்று. அயலானின் பிள்ளை பயமின்றிப் பள்ளிக்குப் போவதும் அரசியலே.

நான்கு: ஒருவரையொருவர் சபிக்காதிருங்கள். நாயின்பொருட்டுப் பேசாதிருக்கும் அயலான் உங்களுக்கு இருந்தால், இந்த வாரமே அவர் கதவைத் தட்டுங்கள். கன்னடத்திலோ தமிழிலோ, தெரிந்த மொழியில், வாருங்கள், இந்தத் தெருவின் நாய்களுக்கு ஊசி போட ஏற்பாடு செய்வோம் என்று சொல்லுங்கள். கழுதையின் மறுபக்கத்தில் அவர் கை தேவைப்படுகிறது.

ஜெபிப்போம்: சகலத்தையும் சிருஷ்டித்த எங்கள் பரம தகப்பனே, நீர் எங்களைக் கொண்டுவந்து வைத்த இந்நகரத்திற்காக ஸ்தோத்திரம். இதன் தெருக்களில் நடக்கும் பிள்ளைகளைக் காத்தருளும். வாயில்லா ஜீவன்கள்மேல் கொடுமை செய்யாதபடி எங்கள் கைகளைக் காத்துக்கொள்ளும். அதிகாரத்தில் உள்ளவர்களுக்கு ஞானத்தையும், எங்களுக்கு அயலானோடு சேர்ந்து சுமை தூக்கும் கிருபையையும் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.