மார்பகப் புற்றுநோய்: பரிசோதனை, விழிப்புணர்வு, மறுவாழ்வு குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்:
மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்களும் அவர்தம் குடும்பத்தாரும் சேர்ந்த சங்கம்,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
விருதுநகர்.

நகல்: மாவட்ட சுகாதார அலுவலர், இணை இயக்குநர், மருத்துவப் பணிகள், திட்ட இயக்குநர், மகளிர் திட்டம், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை அலுவலர்.

பொருள்: மார்பகப் புற்றுநோயைப் பெண்கள் மறைக்காமல் காலத்தில் காட்டிக்கொள்ள ஏற்பாடுகள் செய்து தருமாறு வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

எங்கள் சங்கத்தில் இருப்பவர்கள் இந்த நோயைக் கடந்து வந்தவர்கள், அல்லது தாயையோ அக்காவையோ இதற்குப் பறிகொடுத்தவர்கள். சிவகாசியில் பட்டாசு ஆலைக்குப் போனவர், சாத்தூரில் தீப்பெட்டி வேலை பார்த்தவர், அருப்புக்கோட்டையில் தறிக்கு நூல் சுற்றியவர், ராஜபாளையத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டுத் திண்ணையில் தையல் மெஷின் போட்டுப் பிழைப்பவர் எனப் பல தொழில் செய்பவர்கள். மருத்துவம் படித்தவர் எங்களில் யாரும் இல்லை. பட்டதைத்தான் எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், கிராமம் ஒன்றில் நடந்த மருத்துவ முகாமுக்காக நாங்கள் வீடு வீடாகப் போய்ப் பேசினோம். மூன்று நாள் பேசிப் பதினேழு பெண்களை அழைத்து வந்தோம். பள்ளிக்கூட வராந்தாவில் ஆண்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பத்தடி தள்ளி, இரண்டு ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு பழைய சேலையைக் கட்டி அதுதான் மறைப்பு என்றார்கள். காற்றுக்குச் சேலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது மைக்கில் ஒரு குரல் கேட்டது: "மார்புல கட்டி இருக்கிறவங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க." வரிசையில் நின்ற ஒரு பெண், பிள்ளை அழுகிறான் என்று நகர்ந்தார். இன்னொருவர் அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். கால் மணி நேரத்தில் நான்கு பேர் மிஞ்சினார்கள். போனவர்களில் ஒருவர் எட்டு மாதம் கழித்து, புண் உடைந்து நாற்றம் எடுத்த பிறகுதான் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் இப்போது எங்களோடு இல்லை.

அந்த முகாமை நடத்தியவர்கள் மனம் கெட்டவர்கள் அல்லர். பெண்கள் வராததற்கு அறியாமைதான் காரணம் என்று நம்பினார்கள். ஆனால் அன்று அந்தப் பெண்கள் வந்திருந்தார்கள். கட்டி இருந்தால் காட்ட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஊர் பார்க்கக் காட்ட முடியவில்லை, அவ்வளவுதான். எங்கள் கோரிக்கைகள் எல்லாமே இந்த ஒன்றிலிருந்துதான் பிறக்கின்றன.

தாமதம் எப்படி நேர்கிறது என்பதையும் தங்கள் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறோம். பெரும்பாலும் ஆரம்பத்தில் கட்டி வலிப்பதில்லை. வலிக்காத ஒன்றை நம் வீடுகளில் நோயாகக் கணக்கில் எடுப்பதில்லை. பிள்ளை பெற்றவள் என்றால் பால் கட்டியிருக்கும் என்பார்கள். வயதானவள் என்றால் வாயு என்பார்கள். மஞ்சள் பற்று, விளக்கெண்ணெய், ஒற்றடம் என்று மூன்று மாதம் போகும். "ஊசி குத்தினால் பரவிவிடும், கத்தி பட்டால் ஆள் முடிந்தது" என்று தெருவில் ஒருவர் சொல்வார்; அதில் இன்னும் மூன்று மாதம். திசுப் பரிசோதனைக்கு ஊசி போடுவதால் நோய் முற்றிவிடும் என்பது வெறும் பயம். ஊசி போட்டுப் பார்த்தால்தான் அது என்ன கட்டி என்றே தெரியும். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே அல்ல என்பதையும் அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் பயம் பாதி தணிந்து, பஸ் ஏறியிருப்பாள்.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பினாலும் மறைப்பு முடிவதில்லை. மருந்து ஏற்றி முடி கொட்டியபோது, எங்களில் பலர் இருக்கன்குடி அம்மனுக்கு நேர்ந்துகொண்டு முடி இறக்கியதாகவே அக்கம்பக்கத்தில் சொன்னோம். அம்மன் மன்னிப்பாள். தனித் தம்ளர், தனித் தட்டு வைக்கப்பட்டவர்கள் எங்களில் உண்டு. இது தொட்டால் ஒட்டும் நோய் இல்லை. பாத்திரத்தாலோ துணியாலோ கூட இருந்து சாப்பிடுவதாலோ வராது. வளைகாப்பில் வளையல் போட அழைக்கப்படாமல் ஓரத்தில் உட்கார்ந்து வந்தவர்களும் உண்டு. எல்லாவற்றிலும் கொடியது, மகளுக்கு வந்த வரன் தட்டிப்போவது. இந்த நோயில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான் என்கிறது மருத்துவம். எங்கள் ஊரில் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதனால்தான் ஒரு தாய், மகள் கல்யாணம் முடியட்டும் என்று கட்டியை ஒரு வருடம் புடவைக்குள் பொத்தி வைத்திருந்தார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பேரனைப் பார்க்க அவர் இல்லை.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாக வந்திருக்கும் என்றும், சுமார் 98,000 பேர் அதனால் இறந்திருப்பார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டிருக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் மார்பகப் பரிசோதனை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 5.6 சதவீதம். நாடு முழுவதற்கும் எடுத்தால் அது 0.9 சதவீதம். நாம் முன்னால் நிற்கிறோம் என்று இதைச் சொல்லிக்கொள்ளலாம். நூறு பேரில் மிச்சமுள்ள 94 பேரின் பக்கமிருந்து பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய மாநிலம் இது.

எனவே தங்களிடம் நாங்கள் வேண்டுவன:

முதலாவதும் முக்கியமானதும் மறைவான இடம். கதவு சாத்தித் தாழ் போடக்கூடிய ஓர் அறை, பரிசோதிப்பவர் பெண், ஒரு நேரத்தில் ஒரே ஆள். இந்த மூன்றும் இல்லாத எந்த முகாமிலும் மார்பகப் பரிசோதனை செய்யக் கூடாது என்று எழுத்துப்பூர்வமான ஆணை பிறப்பிக்க வேண்டுகிறோம். மைக்கில் நோயின் பெயரைச் சொல்லி அழைப்பதை அடியோடு நிறுத்த வேண்டும். மகளிர் நலப் பரிசோதனை என்று ஒரே பெயரில், ரத்த அழுத்தம், சர்க்கரை, கர்ப்பப்பை வாய், மார்பகம் எல்லாவற்றையும் ஒரே அறையில் பார்த்தால், எதற்காக உள்ளே போனாள் என்று வெளியே நிற்பவர் யாருக்கும் தெரியாது. மேல்பரிசோதனைக்குக் கொடுக்கும் சீட்டும் மற்றச் சீட்டுகளின் நிறத்திலேயே இருக்கட்டும். இளஞ்சிவப்பு அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நிற்பது எவ்வளவு கனம் என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும். முடிவைத் தெரிவிக்கும் தொலைபேசி அழைப்பு, அந்தப் பெண் கொடுத்த எண்ணுக்கு, அவரிடமே போக வேண்டும். கணவரிடமோ மாமியாரிடமோ முதலில் சொல்லப்பட்டுக் குடும்பம் கலைந்த கதை எங்களிடம் ஒன்றுக்கு மேல் இருக்கிறது.

கையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி, சுமார் 1,50,000 பெண்களிடையே இருபது ஆண்டுகள் நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். நோய் முற்றுவதற்கு முன்பே கண்டறியப்பட்டது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடையே இந்நோயால் நேரும் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. எல்லா வயதினரையும் சேர்த்தால் அவ்வளவு உறுதியான பலன் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். ஆனால் மேமோகிராம் கருவி பக்கத்தில் இல்லாத திருச்சுழி, வத்திராயிருப்புப் பக்கத்துக் கிராமங்களுக்கு, பயிற்சி பெற்ற கிராம சுகாதாரச் செவிலியரின் இரண்டு கைகள் எவ்வளவு பெரிய உதவி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. செவிலியர்களுக்கு அந்தப் பயிற்சி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை மாத்திரை கொடுக்கும்போதே, "கட்டி ஏதும் தென்படுதாக்கா?" என்று தனியாக ஒரு வார்த்தை கேட்கப் பழக்கலாம். அவர்கள் நம்ம தெருப் பெண்கள், அவர்களிடம் சொல்வார்கள்.

இரண்டாவது, எங்கள் மாவட்டத்துக்கென்றே அமைந்த ஒரு வழி. நாடு முழுவதும் சுவரில் தொங்கும் காலண்டர்களில் பெரும் பங்கு சிவகாசியில் அச்சாகிறது. தினம் கிழிக்கும் காலண்டரில் ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் பார்க்காமல் எந்த வீட்டிலும் பொழுது விடிவதில்லை. ஒவ்வொரு ஆங்கில மாதத்தின் முதல் தேதித் தாளிலும், கீழே நான்கு வரி அச்சிட அச்சகத்தாரிடம் மாவட்ட நிர்வாகம் பேச வேண்டும். மார்பிலோ அக்குளிலோ வலியில்லாத கட்டி, தோல் சுருங்கியோ ஆரஞ்சுத் தோல்போல் தடித்தோ இருப்பது, காம்பு உள்வாங்குவது, காம்பிலிருந்து ரத்தக் கசிவு என்று அறிகுறிகளை மட்டும் சொன்னால் போதும். கூடவே, ஆண்களுக்கும் அரிதாக இது வரும் என்று ஒரு வரி. மனைவியின் தாளைக் கணவனும் படிப்பான். பயமுறுத்தும் படம் எதுவும் வேண்டாம். திரைப்படங்கள் புற்றுநோயை இருமி ரத்தம் கக்கிச் சாகும் நோயாகக் காட்டிக் காட்டி ஏற்றிய பயமே போதும். அக்டோபர் 2 கிராம சபையிலும் இதை ஒரு பொருளாகச் சேர்க்க ஊராட்சிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறோம். பேசுவதற்கு அதிகாரிகள் வர வேண்டியதில்லை. எங்களில் ஒருவர் எழுந்து, "எனக்கு வந்தது, ஒன்பது வருஷம் ஆச்சு, இதோ நிக்கிறேன்" என்று சொன்னால் பத்து நிமிடம் போதும்.

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடியில் கூடும் பெண்கள் கூட்டத்தைத் தாங்கள் அறிவீர்கள். கண் நோய்க்குக் கண்மலர் சாத்தும் கோவில் அது. உடம்பின் வேதனையை அம்மனிடம் சொல்ல அங்கே யாரும் கூச்சப்படுவதில்லை. கோவில் வளாகத்துக்கு வெளியே, முன் சொன்ன முறைப்படி அமைந்த ஓர் அறையை அந்த மாதம் முழுவதும் நடத்தித் தர வேண்டுகிறோம்.

மூன்றாவது, கூலி. பட்டாசு, தீப்பெட்டி வேலையில் பெரும்பாலும் எண்ணிக்கைக் கணக்கில்தான் சம்பளம். ஒரு நாள் போனால் அன்றைய கூலி போச்சு. ஆகவே பரிசோதனை ஆலைக்கே வர வேண்டும். 2024இல் தொடங்கிய தொழிலாளரைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இதையும் சேர்த்து, பெண் செவிலியரை அனுப்ப வேண்டும். இ.எஸ்.ஐ.யில் இருக்கும் பெண்ணுக்குப் புற்றுநோய் வந்தால், உரிய காலம் சந்தா கட்டியிருந்தால், நீட்டிக்கப்பட்ட நோய்ப்பலனாக 80 சதவீத ஊதியம் கிடைக்கும். இதைச் சிகிச்சை முடிந்த பிறகு தெரிந்துகொண்டவர்கள் எங்களில் இருக்கிறார்கள். ஆலைவாசலில் இதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க உத்தரவிட வேண்டும். வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டுகிறவர்களுக்கு அந்தச் சந்தாவும் இல்லை. அவர்களுக்குச் சிகிச்சைக் காலத்தில் மாதாந்திர உதவித்தொகை வழங்க அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம்.

முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் ரூ.5 லட்சம் வரை கிடைப்பதால் அறுவை சிகிச்சைக்கு யாரும் நகை அடகு வைக்கவில்லை. இதை நன்றியோடு சொல்கிறோம். நகை போனது பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும்தான். கதிர்வீச்சுக்கு வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்கள் மதுரைக்குப் போய்வர வேண்டியிருந்தது. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளோடு நின்றுவிடுகிறது. ரயிலில், சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணமே இல்லை, துணைக்கு வருபவருக்கும் 75 சதவீதச் சலுகை உண்டு என்பதை ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லித்தான் அறிந்தோம். இந்தச் சலுகைகளுக்கான படிவங்களை நோய் உறுதியாகும் நாளிலேயே கையில் கொடுத்து நிரப்பித்தர ஓர் உதவியாளரை நியமிக்க வேண்டும். புறநகர்ப் பேருந்திலும் கட்டணமின்றிப் போய்வர வழி செய்ய வேண்டும்.

பள்ளிகளைப் பற்றி ஒரு வரி: மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியர் இருபாலருக்கும் சேர்த்தே இது தொற்றாத நோய் என்று சொல்லித்தர வேண்டும்.

கடைசியாக, வெளியே சொல்லக் கூசும் ஒரு கோரிக்கை. மார்பகம் எடுக்கப்பட்டபின் ரவிக்கை ஒரு பக்கம் சப்பென்று விழும். எங்களில் ஒருவர் பழைய வேட்டித் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டார். அது நழுவி வயிற்றுக்கு வந்துவிடும். தண்ணீர்க் குடம் தூக்கும்போது நழுவியதைப் பார்த்து ஒரு சிறுவன் சிரித்தான்; அதற்குப் பிறகு அவர் தெருக்குழாய்க்குப் போகவில்லை. கடையில் விற்கும் சிலிக்கான் மார்பகம் எங்கள் கைக்கு எட்டும் விலையில் இல்லை. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் நாடெங்கும் போகும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அந்த மெல்லிய துணியில் பஞ்சு அடைத்து, எடைக்கு அடியில் சிறிது தினை வைத்து, நழுவாமல் உள்ளாடையில் கோர்க்க இரண்டு நாடாவும் வைத்து எங்கள் உறுப்பினர் ஒருவர் தைத்துப் பார்த்தார். நன்றாக இருக்கிறது. துவைக்கும்போது தினையை மட்டும் எடுத்துவிட வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு இந்தத் தையல் வேலையைக் கொடுத்து, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொரு பெண்ணுக்கும் இலவசமாகக் கொடுத்தனுப்ப வேண்டுகிறோம். அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்தபின் கை வீங்காதிருக்கச் செய்ய வேண்டிய பயிற்சிகளை அப்போதே சொல்லித்தரவும் வேண்டும். வீங்கிய கையோடு தறிக்கும் அடுப்புக்கும் திரும்பியவர்கள் எங்களில் பலர்.

இவை குறித்துத் தங்களை நேரில் சந்தித்து விளக்க அரை மணி நேரம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். வருகிறவர்கள் ஐந்து பேர். சந்திப்பு மூடிய அறையில் நடந்தால் இன்னும் மூன்று பேர் வரச் சம்மதித்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
சங்கத்தின் சார்பில்
தலைவர், செயலாளர், பொருளாளர்

இடம்: விருதுநகர்

இணைப்பு:
காலண்டர் தாளுக்கான நான்கு வரி வாசகம் – 1
உறுப்பினர்கள் கையொப்பம் (ஒன்பது பேர் பெயர் எழுதாமல் பெருவிரல் ரேகை மட்டும் வைத்துள்ளனர்) – 3 தாள்கள்
துணியில் தைத்த மார்பகம் – 1