வேறு வண்டியின் பிரேக்

சென்னையின் பாடியிலிருந்து அம்பத்தூர் போகும் எம்.டி.எச். சாலையை ஒட்டிய சில கிலோமீட்டருக்குள், இந்திய வண்டிகளை நிற்க வைத்த தொழில் ஒன்று வேர்விட்டு வளர்ந்தது. 1962-ல் பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும் தொடங்கப்பட்டன. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. அதே ஆண்டில் தொடங்கிய ரானே பிரேக் லைனிங் அந்தப் பேட்டையில்தான் இயங்கியது. பத்தாண்டு கழித்துப் பாடியில் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் சேர்ந்தது. காருக்கு ஹைட்ராலிக் பிரேக், லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஏர் பிரேக், இரண்டுக்கும் லைனிங் என எல்லாமே ஒரே வட்டாரத்தில் கிடைத்தன.

இதற்குப் பின்னால் ஓர் அரசுக் கொள்கை இருந்தது. பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி மட்டும் விற்கும் கம்பெனிகளுக்கு இங்கே இடமில்லை, உள்நாட்டிலேயே படிப்படியாகத் தயாரிக்க வேண்டும் என்று 1953-ல் டில்லி முடிவெடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. அடுத்த முப்பது ஆண்டுகள் கார் என்றால் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்ற மூன்றுதான். இத்தனை சிறிய சந்தையில் ஒவ்வொரு கார் கம்பெனியும் தனக்கென்று ஒரு பிரேக் தொழிற்சாலை கட்ட முடியாது. பிரேக்ஸ் இந்தியா இங்கிலாந்தின் லூகாஸ் கெர்லிங் தொழில்நுட்பத்தோடும், சுந்தரம் கிளேட்டன் கிளேட்டன் டூவாண்டர் தொழில்நுட்பத்தோடும் தொடங்கி, பல கம்பெனிகளின் வண்டிகளுக்குப் பாகம் கொடுத்தன. ஒரு வண்டியின் பாகம் இன்னொரு வண்டியில் உட்காரும் என்ற நம்பிக்கை நம் பட்டறைகளில் வேரூன்றியதற்கு இது ஒரு முக்கியமான காரணம். வெவ்வேறு பேரில் விற்ற வண்டிகளுக்குள் ஒரே அச்சில் வார்த்த பாகங்கள் இருந்ததை மெக்கானிக் கையால் தொட்டுத் தெரிந்துகொண்டான். எந்தப் புத்தகமும் அவனுக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

டிஸ்க் பிரேக்கின் கதை இதைவிடப் பழையது. பர்மிங்காமில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1953-ல் லெ மான் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பூட்டிய ஜாகுவார் வென்ற பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. 1955-ல் சித்ரோயன் டிஎஸ் அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. 1962-ல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் முன்சக்கரங்களில் டிஸ்க்கோடு பிறந்தது. அதன் முன்பக்கச் சஸ்பென்ஷன் டிரையம்ப் ஹெரால்டிலிருந்து எடுத்தது. அதனால் இங்கிலாந்தில் ஹெரால்டு வைத்திருந்தவர்கள் ஸ்பிட்ஃபயரின் டிஸ்க்கைக் கழற்றித் தங்கள் காரில் பூட்டிக்கொண்டார்கள். அந்த ஹெரால்டு 1961 முதல் நம் வண்டலூர் பக்கத்திலும் தயாரானது. ஆனால் இங்கே ஸ்பிட்ஃபயர் இல்லை. கழற்றி மாட்ட இன்னொரு வண்டி இல்லாததால் நம் ஹெரால்டுகள் டிரம்மிலேயே ஓடின. மெக்கானிக்கின் திறமை எத்தனை பெரிதானாலும், கடையில் கிடைப்பதுதான் அவனுக்கு எல்லை.

அந்த எல்லைக்குள் நாம் முதலில் எதை மாற்றினோம் என்று பார்த்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. எஞ்சினைத்தான் மாற்றினோம். பெட்ரோல் அம்பாசடரில் டீசல் எஞ்சின் ஏறியது, அதன்பின் இசுசு எஞ்சின் ஏறியது. ஆவடிக்கு வடக்கே சோழவரத்தில், உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில், 1980-களின் கடைசிவரை பந்தயம் நடந்தது. பல வண்டிகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கார்களைப் பார்க்க ஊரே திரண்டு போனது. திரும்பி வந்தவர்கள் குதிரைத்திறனைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. அறுபதில் நிற்கும் வண்டி தொண்ணூறில் நிற்க, பிரேக் இரண்டேகால் மடங்கு வெப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். அறுபதுக்கென்று செய்த டிரம்மை வைத்துக்கொண்டு நாம் பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் சாலையைப் பிடித்தோம்.

மாருதி வந்த பிறகு நிலைமை மாறியது. 1990-களில் ஜென்னும் எஸ்டீமும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக வந்தன. கனமான எஸ்டீமுக்குக் காற்றோடும் இடைவெளியுள்ள டிஸ்க் இருந்தது. அதை ஜென்னில் பூட்டுவது வேகப் பிரியர்களிடம் வழக்கமானது. டிரம் பிரேக் ஜீப் வைத்திருந்தவர்கள் பொலேரோவின் டிஸ்க்கைத் தேடினார்கள். பழைய ஸ்பேர் வாங்கப் புதுப்பேட்டை, அடாப்டர் செய்துகொள்ள அம்பத்தூர் எஸ்டேட்டின் லேத் என்று சென்னைக்காரருக்கு ஒரு வழித்தடமே உண்டு. ஹப்பைக் கடைந்து, டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பர் உட்காரப் பிராக்கெட் வெட்டி, நூலிழை பிசகாமல் பொருத்தும் கைகளை நான் மனதார மதிக்கிறேன். அவர்களுடைய அறிவு குறைவாக மதிக்கப்பட்ட அறிவு.

ஆனால் பிரேக் என்பது டிஸ்க் மட்டும் அல்ல. காலில் தொடங்கி டயரில் முடியும் ஒரே சங்கிலி அது. பழைய கேலிப்பரின் பிஸ்டன் 48 மில்லிமீட்டர், வேறு வண்டியிலிருந்து வந்ததன் பிஸ்டன் 54 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு கிட்டத்தட்ட 27 சதவீதம் கூடுகிறது. அதே மிதிக்குப் பேட் கவ்வும் விசை அத்தனை கூடும். அதே அளவுக்கு ஆயிலும் கூடுதலாக வேண்டும், பெடலும் ஆழமாக இறங்கும். 'பெடல் உள்ளே போகுது' என்று சொல்லி வண்டியைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். பெடலிலிருந்து ஆயிலைத் தள்ளும் முக்கால் அங்குல மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி 13/16 அங்குலம் போட்டால் பெடல் மேலே வரும். ஆனால் கூடுதலாகக் கிடைத்த விசையில் பெரும்பகுதி அங்கேயே கரைந்து, மிச்சம் எட்டு சதவீதம்தான் நிற்கும். ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும். பெரிய டிஸ்க்கின் உண்மையான லாபம் அதன் விட்டத்திலும், வெப்பத்தைத் தாங்கும் எடையிலும் இருக்கிறது.

டிரம்முக்கு ஒரு குணம் உண்டு. சுழலும் டிரம் முன் ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். அதனால்தான் மிதியின் விசையைக் கூட்டும் பூஸ்டர் இல்லாமலே பழைய ஃபியட் நின்றது. டிஸ்க் அப்படி உதவாது. டிஸ்க் போட்டுப் பூஸ்டர் போடாத வண்டியை நிறுத்த இன்னும் பலமாக மிதிக்க வேண்டியிருக்கும். டிரம்முக்கான பல மாஸ்டர் சிலிண்டர்கள் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை எப்போதும் தேக்கி வைத்திருக்கும். அதை அப்படியே டிஸ்க்கோடு இணைத்தால் பேட் விடாமல் உரசி, கொரட்டூர் தாண்டுவதற்குள் சக்கரம் கொதிக்கும்.

எனக்கு மிகுந்த அச்சம் தருவது முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள பங்கீடு. மிதித்தவுடன் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது, பின்சக்கரங்கள் லேசாகின்றன. கம்பெனி இதைக் கணக்கிட்டு முன்னால் அதிகம், பின்னால் குறைவு என்று பிரித்திருக்கிறது. முன்னால் மட்டும் பிரேக்கைக் கூட்டினால் முன்சக்கரம் சீக்கிரமே சுழலாமல் பூட்டிக்கொண்டு, ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே போகும். அதைவிட மோசம், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் வேண்டும் என்று பின்னாலும் பெரியதைப் பூட்டுவது. பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி தட்டாமாலை சுற்றிவிடும். ஐப்பசி மழையில் எண்ணெய் மிதக்கும் சாலையில் அது ஒரு நொடியில் நடக்கும். கடைசியில் வண்டியை நிறுத்துவது டயர்தான். டயருக்குப் பிடிப்பு இல்லாத இடத்தில் எந்த கேலிப்பரும் எதுவும் செய்யாது.

ஈரக்காற்று வீசும் இந்த ஊரில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140. டாட் 4-க்கு இதே கணக்கு 230-ம் 155-ம். கொதித்த ஆயிலில் ஆவி பிறக்கும். ஆவி அமுங்கும், பிரேக் பிடிக்காது. பெரிய டிஸ்க்குக்குச் செலவழிக்கும் பலர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்ற மறக்கிறார்கள். என் கணக்கில் புது ஆயில், நல்ல டயர், நல்ல பேட், தேய்ந்துபோன ரப்பர் ஹோஸுக்குப் பதில் புது ஹோஸ் ஆகிய நான்கையும் முடித்த பிறகுதான் வேறு வண்டியின் பிரேக்கைத் தேடலாம். பாதிப்பேருக்கு அதன்பின் தேட வேண்டிய அவசியமே இருக்காது.

அப்படியும் தேவைப்படுகிறவர்கள் உண்டு. பழைய காரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இன்றைய நெடுஞ்சாலையில் போகிறவர் நல்ல பிரேக் கேட்பது ஆடம்பரமல்ல. 2019 முதல் புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கட்டாயம். திடீரென்று நிற்கும் அந்தக் காருக்குப் பின்னால் 1980-களின் டிரம் பிரேக் வண்டியும் அதே தடத்தில் வருகிறது. அதை ஓட்டுகிறவரிடம் சட்டம் பேசும் விதம் குழப்பமானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின், விதி மீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. கேலிப்பரின் அளவு பதிவுச் சான்றில் இல்லை. ஆகவே நன்றாகச் செய்தவரும் பயந்து மறைக்கிறார், மோசமாகச் செய்தவரும் மறைக்கிறார். வெல்டிங் வைத்து ஒட்டிய பிராக்கெட்டும், அளந்து கடைந்து செய்த பிராக்கெட்டும் ஒரே இருட்டில் ஓடுகின்றன.

தானியங்கி சோதனை நிலையங்களுக்கான விதிகள் 2021-ல் வந்துவிட்டன. உருளையின் மேல் வண்டியை ஏற்றி, நான்கு சக்கரத்தின் பிரேக் விசையையும் தனித்தனியாக அளக்கும் எந்திரம் புதிய கண்டுபிடிப்பு அல்ல. பதினைந்து ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க அம்பத்தூர் டிஎன் 13-க்கோ பூந்தமல்லி டிஎன் 12-க்கோ வருகிறவர், பிரேக்கை மாற்றியிருப்பதைத் தானே சொல்லி, கட்டணம் கட்டி, அந்த உருளையில் ஏற்றிக் காட்ட வழி வேண்டும். இடது வலது விசை எவ்வளவு ஒத்திருக்கிறது, முன்பின் பங்கீடு என்ன, பூட்டும்போது எந்தச் சக்கரம் முந்துகிறது என்பவை ஒரு தாளில் எழுதி முத்திரையோடு கையில் வரட்டும். தேறாத வண்டியைப் பட்டறைக்குத் திருப்பி அனுப்பட்டும். பாடியின் கம்பெனிகள் தங்கள் கேலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் ஒவ்வொன்றின் பிஸ்டன் அளவையும் மாடல் வாரியாகத் தமிழில் அச்சிட்டு எஸ்டேட் பட்டறைகளுக்குக் கொடுக்கட்டும். அவற்றின் மதில் சுவருக்கு வெளியே அந்த எண் தெரியாமல்தான் இன்றும் ஒரு பையன் கேலிப்பரைக் கையில் வைத்துக் கண்ணால் அளந்துகொண்டிருக்கிறான்.