நோபிடாவுக்கு நான்கு எழுத்துகள்

சென்ற வாரம் தங்கை வீட்டிற்குச் சென்றிருந்தேன். எட்டாம் வகுப்பில் படிக்கும் மருமகன் கணக்குத் தேர்வில் தோற்றிருந்தான். தாய் கடிந்துகொண்டபோது அவன் சற்றும் அசையாமல் சொன்னான்: “உம்மா, நான் ஐ.என்.எஃப்.பி. நோபிடாவும் அதேதான். எங்களுக்கெல்லாம் கணக்கு வராது.” தங்கை என் பக்கம் திரும்பி, “கேட்டீங்களா காக்கா? போனில் ஏதோ கேள்விக்குப் பதில் போட்டானாம். அது இவனைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டதாம்” என்றாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வீடு திரும்பும் வழியில் அச்சிரிப்பு நீங்கிவிட்டது. பதின்மூன்று வயதுப் பிள்ளை தன்னைப் பற்றிய தீர்ப்பை எழுதிக் கையெழுத்தும் இட்டுவிட்டான்; அதற்குச் சாட்சியாக ஒரு கார்ட்டூன் சிறுவனை அழைத்து வந்து நிறுத்துகிறான்!

இந்த நான்கு எழுத்துகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் மனித மனத்தின் வகைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அமெரிக்காவைச் சேர்ந்த கேத்தரின் பிரிக்ஸும் அவருடைய மகள் இசபெல் மையர்ஸும் அதனை அடிப்படையாகக் கொண்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு வினாத்தாளை உருவாக்கத் தொடங்கினர். இருவரும் உளவியலில் முறையான பயிற்சி பெற்றவர்கள் அல்லர். மகள் துப்பறியும் நாவலும் எழுதியவர். நான்கு கூறுகள், ஒவ்வொன்றிலும் இரண்டில் ஒன்று, ஆக மொத்தம் 16 வகைகள். நடுக்கோட்டிற்கு அருகில் நிற்பவர் இரண்டொரு கேள்விகளுக்கு விடையை மாற்றினாலே எழுத்து மாறிவிடும். சில வாரங்கள் கழித்து மீண்டும் எழுதிப் பார்த்தவர்களில் பலர் வேறு வகைக்குச் சென்றிருக்கின்றனர். வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்க இதனைப் பயன்படுத்தலாகாது என்று இதனை நடத்துவோரே அறிவுறுத்துகின்றனர்.

மேலும், அது ஒருவர் தம்மைப் பற்றித் தாமே விடையளிக்க வேண்டிய வினாத்தாள். நோபிடா எந்தக் கேள்விக்கும் விடையளிக்கவில்லை. அவனுக்காக ரசிகர்கள் விடையளிக்கின்றனர். கனவு காண்பதைப் பார்த்தவர் ஓர் எழுத்தைத் தருகிறார். தூங்குவதையும் விளையாடுவதையும் பார்த்தவர் வேறோர் எழுத்தைத் தருகிறார்.

இனி அந்தச் சிறுவனையே பார்ப்போம். டோரேமான் கதை 1969 டிசம்பரில் ஜப்பானியச் சிறுவர் இதழ்களில் தொடங்கியது. நோபிடா சோம்பேறி, தேர்வில் சுழியம் வாங்குபவன், ஜியானைக் கண்டால் ஓடுபவன். நம் பிள்ளைகள் அறிந்தது இவ்வளவே. முதல் கதையில் அவனுடைய மேசை இழுப்பறையிலிருந்து டோரேமானும், அவனுடைய பேரனின் பேரனான சேவாஷியும் வெளிப்படுகின்றனர். எதிர்காலப் புகைப்படங்களைக் காட்டுகின்றனர்: தொழில் தொடங்குகிறான், அது எரிந்து நொடித்துப் போகிறது, அந்தக் கடன் சந்ததிகள் வரை நீள்கிறது. இதை மாற்றத்தான் டோரேமான் வந்திருக்கிறது. அப்படியானால் நான் வேறு பெண்ணை மணந்தால் நீ எப்படிப் பிறப்பாய் என்று நோபிடா கேட்கிறான், நல்ல கேள்வி. டோக்கியோவிலிருந்து எந்த வாகனத்தில் புறப்பட்டாலும் ஒசாகா போய்ச் சேரலாம் அல்லவா என்பது சேவாஷியின் பதில். அந்தத் தர்க்கம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஆயினும் போகும் வழியை மாற்றிக்கொள்ள முடியும் என்பதில் கதைக்கு ஐயமே இல்லை. மாற்ற முடியாது என்றால் டோரேமானுக்கு அங்கே வேலையே கிடையாது!

1974இல் வெளிவந்த ஒரு கதை என் நெஞ்சை விட்டு அகலாதது. டோரேமான் எதிர்காலத்திற்குத் திரும்பியாக வேண்டும். ஆனால் நோபிடாவைத் தனியே விட்டுச் செல்ல அதற்கு மனம் வரவில்லை. அன்றிரவு நோபிடா ஜியானிடம் சிக்கிக்கொள்கிறான். உதவிக்குக் கூவினால் டோரேமான் ஓடி வந்துவிடும், அவன் கூவவில்லை. அடி வாங்கி விழுகிறான், எழுகிறான், மீண்டும் பிடித்துக்கொள்கிறான். ஜியானைத் தனியே வெல்ல முடியாவிட்டால் டோரேமான் நிம்மதியாகப் போக முடியாது என்பதே அவன் பிடிவாதம். இறுதியில் சலித்துப்போன ஜியான் தோல்வியை ஒப்புக்கொண்டு போய்விடுகிறான். அந்த இரவின் நோபிடாவுக்கு எந்த நான்கு எழுத்துகளை இடுவது?

அவனைப் படைத்த ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ, நோபிடா தம் சிறுவயது உருவமே என்று சொல்லியிருக்கிறார். விளையாட்டில் பின்தங்கிய, கூச்சம் மிகுந்த அந்தச் சிறுவன் வளர்ந்து, 1996இல் இறக்கும் வரை ஓயாமல் வரைந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட டோரேமான் கதைகள்! சோம்பேறிக் கதாபாத்திரத்தின் பின்னால் இருந்த உழைப்பு அது.

இந்த விளையாட்டையே பிள்ளைகளிடமிருந்து பிடுங்க வேண்டும் என்பது என் கருத்தன்று. கூட்டத்தில் பேசக் கூசும் ஒரு பெண்பிள்ளைக்கு, தன்னைப் போல் பலர் உள்ளனர் என்று அறிவதே பெரும் ஆறுதல். கதாபாத்திரத்தின் குணத்தை அலசுவதும் நல்ல வாசிப்புப் பயிற்சியே. “நான் இப்படி இருக்கிறேன்” என்பது “நான் இப்படித்தான் இருப்பேன்” என்று மாறும் இடத்தில்தான் எனக்கு அச்சம்.

உண்மையைச் சொன்னால், அந்த மாற்றத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தந்தவர்கள் நாம்தாம். மூத்தவன் பொறுப்பானவன், நடுப்பிள்ளை முரடு, கடைக்குட்டி மந்தம் என்று விருந்தினர் முன்னிலையிலேயே பட்டியல் இடுகிறோம். பட்டப்பெயர் சூட்டுவது தகாது என்று மதரஸாவில் ஓதிவிட்டு வரும் பிள்ளை, வீட்டு வாசலிலேயே தன் பட்டப்பெயரைக் கேட்கிறான். என் தங்கையும் அன்று, “இவன் வாப்பாவும் கணக்கில் இப்படித்தான்” என்று சொல்லத் தவறவில்லை. நானும் தலையாட்டினேன்.

மறுநாள் மருமகனைத் தொலைபேசியில் அழைத்து அந்த 1974ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னேன். அவன் அறியாத கதை. நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அது அந்த ஒரு நாள் மட்டும்தானே, மாமா?” என்றான். ஆம், ஒரு நாள்தான் என்றேன். மறுதேர்வுக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன. சனிக்கிழமை கணக்குப் புத்தகத்துடன் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.