ஹெட்செட் வருது... எப்போ வருது?



'அடுத்த வருஷம் எல்லார் தலையிலயும் வி.ஆர். ஹெட்செட்தான்!' என்று யாராவது அளந்துவிட்டால், உடனே ஒரு கேள்வி கேளுங்கள்... 'எந்த அடுத்த வருஷம் பாஸ்?' ஏன்னா, இந்த ஆசைக்கு நம்ம அப்பாக்கள் வயசு!

1968-லேயே அமெரிக்காவில் இவான் சதர்லேண்ட் ஒரு ஹெட்செட் செய்து காட்டினார். கனமோ கனம்... விட்டத்தில் தொங்கவிட்டுத்தான் மாட்ட முடிந்தது. 1995-ல் நின்டெண்டோ 'வர்ச்சுவல் பாய்' கொண்டுவந்து, ஒரே வருஷத்தில் மூட்டை கட்டியது. 2012-ல், நம்ம வயசுப் பையன் பால்மர் லக்கி, 'ஆக்குலஸ் ரிஃப்ட்' செய்யப் பொதுமக்களிடமே சுமார் 24 லட்சம் டாலர் திரட்டினார். 2014-ல் ஃபேஸ்புக் அந்தக் கம்பெனியை 200 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்ததும், 'இதோ வந்துடுச்சு'ன்னு மறுபடி சவுண்டு!

அப்புறம் ஏன் இன்னும் வரலை? விலையா? 2016-ல் ரிஃப்ட் 599 டாலர், அதை ஓட்ட வெயிட்டான கம்ப்யூட்டர் தனி. 2020-ல் வந்த க்வெஸ்ட் 2-க்கு கம்ப்யூட்டரே வேண்டாம், விலை 299 டாலர். பாதிக்குப் பாதி குறைஞ்சும், செல்போன் மாதிரி வீட்டுக்கு நாலு ஆகலையே! மெட்டா கம்பெனியின் வி.ஆர். பிரிவு 2024-ல் மட்டும் சுமார் 1,770 கோடி டாலர் நஷ்டம் காட்டியது.

மேட்டர் நம்ம உடம்பில் இருக்கு. ஹெட்செட்டுக்குள் கண், 'ஓடுறோம்டா' என்று சொல்லும். உள்காதில் இருக்கும் பேலன்ஸ் உறுப்போ, 'சும்மாதாண்டா நிக்கறோம்' என்று சொல்லும். ரெண்டுக்கும் சண்டை வந்தா வயிறு புரட்டும். கொடைக்கானல் பஸ்ஸில் வருமே, அதே கதைதான், தலைகீழா. போதாததுக்கு, 2023-ல் வந்த க்வெஸ்ட் 3-யின் எடை 515 கிராம். அரை கிலோ தக்காளியை முகத்தில் கட்டிக்கிட்டு எத்தனை மணி நேரம் உட்காருவீங்க?

இன்னொண்ணு... சாப்பிட்டுக்கிட்டே, லெக்சர் கவனிக்கற மாதிரி நடிச்சுக்கிட்டே செல்லை நோண்டலாம். ஹெட்செட் அப்படி இல்லை. ரெண்டு கண்ணையும் மொத்தமா கேட்கும். ஹாஸ்டல் ரூமில் மாட்டிக்கிட்டு கையை வீசினால், ரூம்மேட் மூக்கு காலி!

அதனால், முழுக் கவனமும் கொடுத்தே ஆகவேண்டிய இடங்களில் அது ஏற்கெனவே உள்ளே வந்தாச்சு. ஆபரேஷன் பழகும் டாக்டர்கள், விமானம் ஓட்டப் பழகுபவர்கள் மாட்டுகிறார்கள். 2018-ல் வால்மார்ட் தன் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க 17,000 ஹெட்செட்களை இறக்கியது. மத்தவங்களுக்கு? கண்ணை மறைக்காத மூக்குக்கண்ணாடிதான் முதலில் வரும்னு தோணுது. 2025-ல் மெட்டா 799 டாலருக்கு இறக்கிய ரே-பான் கண்ணாடியில், வலது கண்ணில் மட்டும் ஒரு குட்டி ஸ்க்ரீன். முழு ஹெட்செட் ஊரெல்லாம் பரவுவதற்குள் நாம முதல் சம்பளம் வாங்கி, அதுக்கு இன்க்ரிமென்ட்டும் வாங்கியிருப்போம். இது என் கணக்கு!

இதில் நமக்கென்ன வந்தது என்கிறீர்களா? வந்திருக்கே! 'வி.ஆர். படிச்சா வேலை ரெடி' என்று யாராவது வலை வீசினால், அப்பா காசைக் கொட்டுவதற்கு முன் யோசிங்க. கூகுளின் 'டேட்ரீம்' 2016-ல் வந்து, 2019-ல் கைவிடப்பட்டது. மைக்ரோசாஃப்ட் 'ஹோலோலென்ஸ் 2' தயாரிப்பை 2024-ல் நிறுத்தியது. அந்த ஒரு மெஷினை மட்டும் நம்பிப் படிச்சவங்க கதி?

மெஷின் போகும், அடிப்படை போகாது. மேட்ரிக்ஸ் கணக்கு, கிராஃபிக்ஸ், சென்சார்... இந்த மூணும் கைவசம் இருந்தா கேம்ஸ், ரோபோ, ட்ரோன், ஸ்கேன் மெஷின்னு எந்தப் பக்கமும் தாவலாம். ஆக்குலஸின் ஆரம்பகால விஞ்ஞானி ஸ்டீவன் லவால், சென்னை ஐ.ஐ.டி.யில் நடத்திய வி.ஆர். பாடம் என்.பி.டி.இ.எல்.லில் வீடியோவாகவே இருக்கு. பார்க்கக் காசு வேண்டாம், ஹெட்செட்டும் வேண்டாம்!

தலையில் மாட்டுவது மெதுவா வரட்டும் மக்கா... முதலில் தலைக்குள்ள ஏத்துவோம்!